திரையில் தெரியும் தகவல் யாருடையது?

பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறோம். கைப்பேசி "3 நிமிடம்" என்கிறது. நாம் ஏற வேண்டிய பஸ்ஸோ கண்ணெதிரே கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிப் போகிறது.

என் அக்கா மகனுக்கு இது அவனே எழுதிய செயலியில் நடந்தது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறையில் பஸ் நேரம் காட்டும் ஒரு வலைச்செயலி செய்ய ஆரம்பித்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடைக்கு வந்துவிட்டான். "மாமா, ஸ்டேட் மேனேஜ்மென்ட் எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கேன். ஆனா போன பஸ்ஸை இன்னும் வருதுன்னு காட்டுது."

கோளாறு அவனுடைய கோடிங்கில் பாதி, அந்த 'ஸ்டேட்' என்ற சொல்லில் பாதி. ஒரு செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது தன் நினைவில் வைத்திருக்கும் தகவல் எல்லாவற்றுக்கும் ஸ்டேட் என்று பெயர். எந்தத் தாவல் திறந்திருக்கிறது என்பதும் ஸ்டேட், பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதும் ஸ்டேட். ஒரே பெயர் என்பதால் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். இரண்டும் ஒரே சாதி இல்லை.

தேக்கா மீன்கடையும் வாட்ஸ்அப் படமும்

சனிக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குப் போவது என் வேலை. சட்டைப் பையில் வீட்டில் எழுதிய சாமான் பட்டியல் இருக்கும். மீன்கடைக்குப் போனதும் தட்டுகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். மனைவி பார்த்துவிட்டு, "அந்த நண்டு நல்லா இருக்கு, ஒரு கிலோ வாங்குங்க" என்று பதில் போடுவாள். அந்தப் பதில் வருவதற்குள் நண்டை வேறொருவர் வாங்கிப் போயிருப்பார். படத்தில் நண்டு இருக்கிறது, தட்டில் இல்லை.

பட்டியலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கொத்தமல்லியை அடித்தால் அடித்ததுதான். அதற்கு வேறு அசல் எங்கும் இல்லை. என் கையில் இருப்பதே அசல். "இது பழசாகியிருக்குமோ" என்று பட்டியலைப் பார்த்து நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

மீன் படம் அப்படி இல்லை. அசல் கடைக்காரரின் தட்டில் இருக்கிறது. நமக்குத் தெரியாமல், நம்மிடம் சொல்லாமல் அது மாறும். மாறவில்லை என்று உறுதி செய்ய ஒரே வழி மறுபடி கேட்பதுதான்.

செயலிக்குள் இருக்கும் தகவலும் இப்படித்தான் பிரிகிறது. பட்டியல் போன்றதைச் சொந்தத் தகவல் என்போம். அதற்கு உரிமையாளர் இந்தத் திரை. படம் போன்றதை இரவல் தகவல் என்போம்; அதன் உரிமையாளர் எங்கோ இருக்கும் ஒரு சர்வர், அதாவது கேட்பவர்களுக்கெல்லாம் தகவல் எடுத்துக் கொடுக்கும் கணினி. தொழிலில் இருப்பவர்கள் லோக்கல் ஸ்டேட், சர்வர் ஸ்டேட் என்பார்கள். எனக்கு 'இரவல்' என்ற சொல் பிடிக்கும். இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவருக்கு அது தன்னுடையது இல்லை என்பது கூடவே ஞாபகம் இருக்கும். செயலி எழுதுகிறவர்களுக்கு அந்த ஞாபகம்தான் தவறிப்போகிறது.

பஸ் செயலியைப் பிரித்துப் பார்ப்போம்

சரி, அவன் திரையில் என்னென்ன இருந்தது? தேடல் பெட்டியில் தட்டிய எழுத்துகள், 'அருகில்', 'சேமித்தவை' என்ற இரண்டு தாவல்களில் எது திறந்திருக்கிறது, கறுப்புத் திரையா வெள்ளைத் திரையா. இவை சொந்தம். அதில் பேச ஒன்றும் இல்லை.

பஸ் வரும் நேரம் இரவல். சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம் 'டேட்டாமால்' என்ற பெயரில் இந்தத் தகவலை வெளியாருக்கும் தருகிறது. நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணைக் கொடுத்துக் கேட்டால், ஒவ்வொரு பஸ் எண்ணுக்கும் அடுத்து வரும் மூன்று பஸ்களின் விவரம் வரும். உட்கார இடம் இருக்கிறதா, நிற்க மட்டும்தான் இடமா என்பதும் அதில் உண்டு. அந்த விவரம் அங்கே 20 வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இப்படிக் கேட்டால் இப்படிப் பதில் கிடைக்கும் என்று ஒரு சர்வர் வகுத்துவைத்திருக்கும் வாசலைத்தான் ஏபிஐ என்கிறோம்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. அந்த ஏபிஐ "3 நிமிடம்" என்று சொல்வதே இல்லை. பஸ் வரும் கடிகார நேரத்தைத்தான் சொல்கிறது: காலை 9 மணி 14 நிமிடம் 20 வினாடி என்கிற மாதிரி. அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து "3 நிமிடம்" என்று காட்டுவது நம் செயலி. ஆக, அந்த 3 என்ற எண் இரவலும் இல்லை, சொந்தமும் இல்லை. ஓர் இரவல் தகவலையும் கைப்பேசிக் கடிகாரத்தையும் வைத்துப் போட்ட கணக்கு. இப்படி மற்றொன்றிலிருந்து எந்த நேரமும் கணக்கிட்டுக்கொள்ளக்கூடியதை எங்கும் சேமித்து வைக்கக்கூடாது. தேவைப்படும்போது கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அக்கா மகன் என்ன செய்திருந்தான் தெரியுமா? பக்கம் திறந்ததும் ஒருமுறை சர்வரிடம் கேட்டான். நிமிடமாக மாற்றினான். அந்த எண்ணை ஸ்டேட்டில் போட்டுவிட்டு, நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைக்க ஒரு டைமர் வைத்தான். 5, 4, 3 என்று எண் அழகாக இறங்குகிறது. பார்ப்பவருக்கு உயிரோட்டமாக இருக்கிறது. ஆனால் சர்வரோடு பேச்சுவார்த்தை முடிந்து நாலு நிமிடம் ஆகிவிட்டது. வழியில் சிக்னல் எல்லாம் பச்சையாக விழுந்து பஸ் சீக்கிரம் வந்தால் ஆணையத்துக்குத் தெரியும். அவன் திரைக்குத் தெரியாது. பழைய தகவல் அசையாமல் நின்றால்கூட யாராவது சந்தேகப்படுவார்கள். ஆடி அசைந்து நடிக்கும் பழைய தகவல்தான் ஆளைக் கவிழ்ப்பது.

(போகிற போக்கில் ஒன்று: அதே ஏபிஐ, வரும் நேரம் பஸ் இருக்கும் இடத்தை வைத்து மதிப்பிட்டதா, அட்டவணையைப் பார்த்துச் சொன்னதா என்பதையும் தனியாகக் குறித்துத் தருகிறது. அசலிலேயே இரண்டு தரம். பல செயலிகள் இதைக் கண்டுகொள்வதில்லை.)

இதுவரை பார்த்தது மூன்று வகை. நம்மிடமே அசல் இருப்பது சொந்தம். வேறிடத்தில் அசல் இருந்து நம்மிடம் நகல் இருப்பது இரவல். இவற்றை வைத்துப் போடுவது கணக்கு.

எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது கேள்வியே இல்லை

பலரும் வழுக்கும் இடம் இது. "சர்வரில் இருந்தால் ரிமோட், பிரவுசரில் இருந்தால் லோக்கல், அவ்வளவுதானே?" என்பார்கள். இல்லை.

சிங்கப்பூரில் 5,000க்கு மேற்பட்ட பேருந்து நிறுத்தங்கள் இருக்கின்றன. அவற்றின் பெயர்ப் பட்டியலை டேட்டாமாலிடம் கேட்டால் ஒரு தடவைக்கு 500தான் தரும். முழுதும் வாங்கப் பத்து தடவைக்கு மேல் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறை செயலி திறக்கும்போதும் இதைச் செய்வது அநியாயம் என்பதால், ஒருமுறை வாங்கி லோக்கல் ஸ்டோரேஜில் போட்டுவைப்பது வழக்கம். லோக்கல் ஸ்டோரேஜ் என்பது பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் ஒதுக்கும் ஒரு சிறு அலமாரி. சுமார் 5 எம்பி கொள்ளும், எழுத்தாக மட்டும்தான் வைக்க முடியும், பிரவுசரை மூடினாலும் போகாது.

இப்போது அந்தப் பட்டியல் கைப்பேசிக்குள் இருக்கிறது. பெயரிலேயே லோக்கல் என்று இருக்கிறது. சொந்தமாகிவிட்டதா? ஆகவில்லை. நாளைக்கு ஒரு நிறுத்தத்தை இடம் மாற்றுகிறவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு மாற்றப்போவதில்லை. வாட்ஸ்அப் படத்தை பிரின்ட் போட்டு வீட்டில் மாட்டினாலும் நண்டு வந்துவிடாது. மெதுவாக மாறும் இரவல், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

மறுபக்கமும் உண்டு. 'சேமித்த நிறுத்தங்கள்' அவன் செயலியில் அந்தக் கைப்பேசியில் மட்டும் இருந்தது. எனவே சொந்தம். அதே செயலியில் நாளைக்குக் கணக்குத் தொடங்கி உள்நுழையும் வசதி வைத்து, கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் ஒரே பட்டியல் தெரிய வேண்டும் என்றால், அந்தக் கணத்திலிருந்து அசல் சர்வருக்குப் போய்விடுகிறது. அதே பட்டியல், அதே திரை. தகவலின் சாதி மாறிவிட்டது.

அதனால் கேட்க வேண்டியது "எங்கே வைத்திருக்கிறோம்" என்று இல்லை, "இது மாறினால் மாற்றியவர் யார்" என்று.

இரவல் வாங்கினால் கூடவே வரும் வேலைகள்

சொந்தத் தகவல் கேட்டதும் கையில் இருக்கும். இரவல் தகவலுக்குப் போய்க் கேட்டு, காத்திருந்து, வாங்கி வர வேண்டும். எம்ஆர்டி சுரங்கத்தில் சிக்னல் போனால் வராமலே போகும். ஆக, ஒவ்வோர் இரவல் தகவலுக்கும் குறைந்தது மூன்று முகம்: காத்திருக்கிறோம், வந்துவிட்டது, வரவில்லை. மூன்றுக்கும் திரையில் ஏதாவது காட்டியாக வேண்டும். நாலாவதாக ஒன்றை எல்லோரும் மறப்பார்கள்: வந்தது, ஆனால் பழசாகிவிட்டது.

வாங்கியதை மறுபடி கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கையருகே வைக்கும் இடத்துக்குக் கேஷ் என்று பெயர். அடுக்களையில் அஞ்சறைப்பெட்டி இருக்கிறதே, அந்த மாதிரி. மளிகைக்கடைக்கு ஒவ்வொரு தாளிப்புக்கும் ஓட முடியாது. பெட்டியில் எந்தக் கிண்ணத்தில் எது என்பதற்கு அடையாளம் வேண்டும். கேஷில் அந்த அடையாளத்துக்குக் கீ என்று பெயர். 'இந்த நிறுத்தத்தின் பஸ் நேரங்கள்' என்றால் நிறுத்த எண் கீயில் இருந்தே ஆக வேண்டும்.

கீ இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மளிகை ஆர்டர் எடுக்கும் ஒரு பக்கம் எழுதினேன். பெட்டியில் தட்டத் தட்டச் சர்வரிடம் கேட்டு, வரும் பதிலை 'முடிவுகள்' என்ற ஒரே இடத்தில் போடும். ஒருவர் 'மிள' என்று தட்டும்போது ஒரு கேள்வி போனது. 'மிளகாய்' என்று முடித்ததும் இன்னொரு கேள்வி. 'மிள'வுக்கு மிளகு, மிளகாய், மிளகுத்தூள் என்று நீளமான பதில், மெதுவாக வந்தது. 'மிளகாய்' பதில் சின்னது, முந்திக்கொண்டது. அதாவது சரியான பதில் முதலில் வந்து உட்கார்ந்தது, பின்னால் வந்த பழைய பதில் அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது. பெட்டியில் 'மிளகாய்', கீழே முதல் வரியில் மிளகு. அவசரத்தில் முதல் வரியைத் தட்டிய வாடிக்கையாளர் வீட்டுக்கு மிளகு போய்ச் சேர்ந்தது. அலுவலகத்தில் என் கணினியில் எத்தனை முறை முயன்றாலும் பிழை வரவில்லை. அங்கே இணைய வேகம் அதிகம். முன்பின்னாக வரும் பதில்களால் ஏற்படும் இந்தத் தகராறுக்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர். 'மிள'வின் பதில் 'மிள' கிண்ணத்துக்கும் 'மிளகாய்' பதில் அதன் கிண்ணத்துக்கும் போயிருந்தால், எது எப்போது வந்தாலும் கவலையில்லை. திரை தனக்கு வேண்டிய கிண்ணத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

"நேத்து இருந்துச்சு, இருங்க பாத்துட்டு வர்றேன்"

கேஷில் இருப்பது பழசாகிவிட்டது என்றால் என்ன செய்வது? தூக்கிப் போட்டுவிட்டுக் காத்திருப்பதா, பழசையே காட்டுவதா?

சிராங்கூன் சாலைப் பக்கத்து மளிகைக்கடைகளில் இதற்குப் பதில் இருக்கிறது. "பொன்னி அரிசி இருக்கா?" என்றால் கடைப் பையன், "நேத்து இருந்துச்சுக்கா, இருங்க, பின்னாடி பாத்துட்டு வர்றேன்" என்பான். உங்களுக்கு உடனே ஒரு பதில் கிடைத்துவிட்டது. அவன் திரும்பி வந்து உறுதி செய்வான், அல்லது மாற்றிச் சொல்வான். கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக நின்றுவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து "இருக்கு" என்றால் நீங்கள் அடுத்த கடைக்குப் போயிருப்பீர்கள்.

செயலியிலும் அதையே செய்யலாம். கேஷில் இருக்கும் பழையதை உடனே காட்டு, பின்னணியில் புதியதைக் கேள், வந்ததும் மாற்று. இதற்கு ஸ்டேல் வைல் ரீவேலிடேட் என்று பெயர். 2010இல் வந்த ஆர்எஃப்சி 5861 என்ற இணைய ஆவணத்தில் இந்தப் பெயர் இருக்கிறது. ஒன்பது ஆண்டு கழித்து, அதன் முதலெழுத்துகளையே பெயராக வைத்து எஸ்டபிள்யூஆர் என்ற ரியாக்ட் நூலகம் வந்தது. நூலகம் என்றால் இங்கே புத்தகம் இல்லை, பிறர் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோடிங் தொகுப்பு. ரியாக்ட் என்பதும் அப்படி ஒன்றுதான், செயலியின் திரைகளைக் கட்டுவதற்கு. ஏறக்குறைய அதே சமயத்தில் டேனர் லின்ஸ்லியின் ரியாக்ட் குவெரியும் வந்தது. இப்போது அதன் பெயர் டான்ஸ்டாக் குவெரி.

அதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்றால், ஸ்டேட்டை ஒரே இடத்தில் வைத்துக் கவனிக்க 2015இல் வந்த ரிடக்ஸ் என்ற நூலகத்தில் எல்லாவற்றையும் கொட்டினார்கள். நானும்தான். கேட்க ஆரம்பித்தது, வந்தது, வரவில்லை என்று ஒவ்வோர் இரவலுக்கும் மூன்று அறிவிப்புகள், அவற்றைக் கவனிக்கும் கோடிங், பக்கம் பக்கமாக. ரிடக்ஸைக் குறை சொல்ல மாட்டேன். சொந்தத் தகவலைக் கட்டி ஆள அது நல்ல கருவி. நகல் பழசாகும் என்ற எண்ணம் அதன் அமைப்பில் இல்லை, அதை நாமே செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2021இல் ரிடக்ஸ் குழுவினரே ஆர்டிகே குவெரி என்று இரவலுக்குத் தனிக் கருவி கொடுத்தார்கள்.

டான்ஸ்டாக் குவெரியைப் புதிதாகப் போடுகிறவர்கள் மிரள்வது ஒரு விஷயத்தில். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது எந்தத் தகவலையும் வந்த மறுகணமே பழசு என்று கருதும். பிரவுசரில் வேறு தாவலுக்குப் போய்த் திரும்பினால் தானே மறுபடி கேட்கும். தோற்றால் மூன்று முறை திரும்ப முயலும். யாரும் பார்க்காத நகலை ஐந்து நிமிடம் வைத்திருந்து தூக்கிப் போடும். "ஏன் இத்தனை தடவை சர்வருக்குப் போகுது, பழுதா?" என்று கேட்பார்கள். பழுது இல்லை. எவ்வளவு நேரம் புதுசாக எண்ணலாம் என்பதை அந்தத் தகவலைப் புரிந்த நாம்தான் சொல்ல வேண்டும். பஸ் நேரத்துக்கு 20 வினாடி. அதைவிட அடிக்கடி கேட்டால் அங்கே புதிதாக ஒன்றும் இருக்காது. நிறுத்தப் பட்டியலுக்கு ஒரு வாரம்.

ஆக, இரவல் தகவலுக்குக் காத்திருப்பு, தோல்வி, கீ, வயது எல்லாம் பார்க்க வேண்டும். சொந்தத் தகவலுக்கு இதில் ஒன்றுகூடத் தேவையில்லை. ஒரே மூட்டையில் கட்டினால் ஒன்று சொந்தத்துக்கு வீண் சுமை, இல்லை இரவலுக்குக் கவனிப்புக் குறை.

டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிப்பது

இதுவரை வாங்கிப் பார்ப்பதைப் பற்றியே பேசினோம். நாமே மாற்ற வேண்டும் என்றால்? அசல் அங்கே இருப்பதால் மாற்றமும் அங்கேதான் நடக்க வேண்டும். நாம் மனு மட்டும்தான் போடலாம்.

ஆனால் பொத்தானைத் தட்டி அரை வினாடி ஒன்றும் நடக்காவிட்டால் பயனர் மறுபடி தட்டுவார். இதற்கு ஒரு தைரியமான வழி உண்டு. மதிய நேரத்தில் உணவங்காடி நிலையத்தில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகிறோமே, அது. இடம் நமக்குத்தான் என்று நம்பி நடந்துகொள்கிறோம். பெரும்பாலும் அப்படியே நடக்கும். திரும்பி வரும்போது யாராவது உட்கார்ந்திருந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியதுதான். செயலியில் இதற்கு ஆப்டிமிஸ்டிக் அப்டேட் என்று பெயர். சர்வர் சம்மதிக்கும் என்று நம்பித் திரையை முதலிலேயே மாற்றிவிடுவது. மறுத்தால் பழைய நிலைக்குத் திருப்புவது. எனவே மாற்றுமுன் பழையதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அதை மறந்துவிடக்கூடாது.

நிறுத்தத்தைச் சேமிக்கும் நட்சத்திரக் குறிக்கு இது பொருத்தம். பணம் அனுப்பும் பக்கத்தில் இதைச் செய்பவரை நான் வேலைக்குச் சேர்க்க மாட்டேன்.

படிவம் என்ற கலப்பு

இரண்டு சாதியும் கலக்கும் இடம் படிவம். பயனர் தன் முகவரியைத் திருத்தப் பக்கத்தைத் திறக்கிறார். பெட்டியில் தெரியும் பழைய முகவரி இரவல். ஓர் எழுத்தை அழித்த நொடியிலிருந்து பெட்டியில் இருப்பது அவருடைய சொந்த வரைவு. புளோக் எண் சரிபார்க்க வேறு தாவலுக்குப் போய்த் திரும்புகிறார். செயலி சமர்த்தாகச் சர்வரிடம் மறுபடி கேட்டு, வந்த முகவரியைப் பெட்டியில் போட்டு, அவர் தட்டியதை அழித்துவிடுகிறது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்பார்கள், இங்கே செயலியே பயனருக்காக எறிந்துவிட்டது.

படிவம் திறக்கும்போது ஒரு நகல் எடுத்துக்கொண்டு, திருத்தம் தொடங்கியதும் சர்வரிலிருந்து வருவதை அந்தப் பெட்டியில் தொடவிடாமல் வைப்பது எளிய வழி. சேமித்து முடித்ததும் வரைவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

அக்கா மகன் இரண்டு தே தாரிக் முடிவதற்குள் செயலியைத் திருத்திவிட்டான். நிமிட எண்ணை ஸ்டேட்டிலிருந்து எடுத்துவிட்டு, வரும் நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டான். 20 வினாடிக்கு ஒருமுறை கேட்கச் சொன்னான். பஸ் எண்ணுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் சின்னதாக, "15 வினாடிக்கு முன் வாங்கியது" என்று ஒரு வரி சேர்த்தான்; அது நான் சொல்லாமல் அவனாகச் செய்தது.

"அடுத்து லாகின் வைக்கலாம்னு இருந்தேன் மாமா, சேமிச்ச நிறுத்தம் எல்லாம் எந்த போன்ல பாத்தாலும் வர்ற மாதிரி" என்றான். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வேணாம். இப்போதைக்கு என்னோடதாவே இருக்கட்டும்."